இன்னைக்கு ஏற வேண்டாம்: காத்தாடிக்கு அடியில் நிற்கும் சேஃப்டி ஆபீசர்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து படிப்பதற்கு ஏற்றபடி லேசாகத் திருத்தியது)

போன ரெண்டு எபிசோடும் ஏஐ, லேஆஃப், இன்டர்வியூன்னே ஓடிடுச்சு. "ஐடி இல்லாத ஒரு வேலையைப் பத்திப் பேசுங்க ப்ரோ"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதனால இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்சம் தெற்கே போவோம்.

திருநெல்வேலி தாண்டி நாகர்கோவில் போற ரோட்டுல முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் வந்ததும் பஸ்ல இருக்கிற பாதிப் பேர் போனை வெளிய எடுப்பாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடி. கயத்தாறுலயும் அப்படித்தான், உடுமலைப்பேட்டை பக்கமும் அப்படித்தான். இந்தியாவுல முதல்ல அமைஞ்ச காற்றாலைப் பண்ணைகள்ல ஒண்ணு 1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல வந்தது. அப்போ ஒரு மெஷினோட திறன் வெறும் 55 கிலோவாட். இன்னைக்குத் தமிழ்நாட்டுல இருக்கிற மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிடுச்சு.

இவ்வளவு மெஷினுக்கும் ஆயில் மாத்தணும், போல்ட் முறுக்கணும், சென்சார் மாத்தணும், பிளேடுல விரிசல் வந்தா ஒட்டணும். எல்லாத்துக்கும் ஆள் மேல ஏறணும். அந்த ஆளுங்களைப் பத்தியும், அவங்க ஏறலாமா வேண்டாமான்னு சொல்ற இன்னொரு ஆளைப் பத்தியும்தான் இன்னைக்கு எபிசோடு. அந்த இன்னொரு ஆளுக்கு ஹெச்எஸ்இ ஆபீசர்னு பேரு. சைட்ல எல்லாரும் "சேஃப்டி சார்"னு கூப்பிடுவாங்க.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, என் காலேஜ் கிளாஸ்மேட் ஒருத்தன் அந்த வேலையில இருக்கான். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், அவன் மெக்கானிக்கல், ஹாஸ்டல்ல ஒரே ஃப்ளோர். பேர் சொல்ல வேண்டாம், கம்பெனி சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். இந்த எபிசோடுக்காக அவன்கிட்ட மூணு நாள் ராத்திரி போன்ல பேசினேன். நடுவுல நடுவுல, "டேய், இதையெல்லாம் யாருடா கேட்பாங்க?"ன்னு அவனே கேட்டான். கேட்பாங்கன்னு நம்பித்தான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

மேல என்ன இருக்கு?

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம். டவர் உச்சியில ஒரு பெட்டி மாதிரி தெரியுதே, அதுக்கு நாசெல்னு பேரு. கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், பிரேக், ஹைட்ராலிக் எல்லாம் அதுக்குள்ள. பிளேடு மூணும் வந்து சேர்ற மூக்கு மாதிரியான பகுதி ஹப். புது மெஷின்கள்ல நாசெல் 100 மீட்டருக்கும் மேல இருக்கும், தோராயமா முப்பது மாடி. அங்க போக டவருக்குள்ளேயே ஏணி இருக்கும். புதுசுல சின்ன லிஃப்ட்டும் இருக்கும். தொண்ணூறுகள்ல நட்ட குட்டி மெஷின்கள்ல லிஃப்ட்டெல்லாம் கிடையாது. உடம்புல ஹார்னஸைக் கட்டி, டூல் பேகை மாட்டிட்டு ஒவ்வொரு படியா ஏற வேண்டியதுதான்.

மேல போனா என்னென்ன ஆபத்து? உயரம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தவிர மின்சாரம் இருக்கு. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணின பிறகும் கன்வெர்ட்டர்ல இருக்கிற கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். சுத்துற பாகங்கள் இருக்கு. ஹப்புக்குள்ள போகணும்னா ரோட்டரை வெறும் பிரேக்ல நிறுத்தினாப் பத்தாது, ரோட்டர் லாக்னு ஒரு இரும்புப் பின்னைச் செருகி இயந்திர ரீதியாகவே பூட்டணும். பிளேடுக்கு உள்ள போறது ஒரு குறுகலான குழாய்க்குள்ள ஊர்ந்து போற மாதிரி. அங்க காத்தோட்டம் கம்மி, பசை வேலை பார்த்தா அதோட வாடை வேற. வெயில் காலத்துல நாசெல்லுக்குள்ள அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும்னு அவன் சொல்றான். மேல பாத்ரூம் கிடையாது. அதனாலயே பல பேர் தண்ணி குடிக்காம ஏறுவாங்க. வெக்கையில அதுவே மயக்கத்துக்கு முதல் காரணம்.

கீழயும் ஆபத்து இருக்கு. டவர் அடியில கண்ட்ரோல் பேனலுக்குப் பின்னாடி பாம்பு, டவர்ல தேன்கூடு. எல்லாத்தையும் சொல்லிட்டு அவன் கடைசியா ஒண்ணு சொன்னான்: "எனக்கு ரொம்ப பயம் ஜீப்புதான்டா. காலையில நாலரைக்கு எழுந்து வந்த டிரைவர், ராத்திரி எட்டு மணிக்கு மண்ரோட்டுல வண்டிய ஓட்டிட்டுத் திரும்புறார் பாரு, அதுதான்."

ஹார்னஸ் போட்டிருந்தாலும் தரையில மோதலாம்

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

ஹார்னஸ் போட்டுட்டா விழுந்தாலும் கயிறு பிடிச்சுக்கும், அவ்வளவுதானேன்னு நானும் நீங்களும் நினைப்போம். ஹார்னஸையும் கொக்கி மாட்டுற இடத்தையும் இணைக்கிற கயிறுக்கு லேன்யார்டுன்னு பேரு. வழக்கமா அது 2 மீட்டர் நீளம். டூல்ஸோட சேர்த்து 100 கிலோ இருக்கிற ஒருத்தர் 2 மீட்டர் விழுந்தா கிட்டத்தட்ட 2,000 ஜூல் ஆற்றல். நீளவே நீளாத கயிறு அதை 10 சென்டிமீட்டருக்குள்ள நிறுத்தினா உடம்பு மேல வர்ற சராசரி விசை சுமார் 20 கிலோ நியூட்டன். ரெண்டு டன் எடையை இடுப்புல கட்டித் தொங்கவிட்ட மாதிரி. உயிர் தப்பினாலும் முதுகெலும்பு தப்பாது.

அதுக்காகத்தான் லேன்யார்டுல எனர்ஜி அப்சார்பர்னு ஒண்ணு வெச்சுத் தைச்சிருப்பாங்க. மடிச்சுத் தைச்ச பட்டை. விழும்போது அந்தத் தையல் கொஞ்சம் கொஞ்சமா கிழிஞ்சு நீளும். ஐரோப்பியத் தரவிதிப்படி விசை 6 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது, பட்டை 1.75 மீட்டருக்கு மேல நீளக் கூடாது.

இப்போ கூட்டுங்க. கயிறு 2 மீட்டர். பட்டை நீண்டது 1.75. ஹார்னஸ்ல கயிறு மாட்டின இடத்துல இருந்து கால் வரைக்கும் 1.5. பாதுகாப்புக்கு ஒரு மீட்டர் இடைவெளி. மொத்தம் 6.25 மீட்டர். அதாவது, கொக்கி மாட்டின இடத்துக்குக் கீழ ஆறேகால் மீட்டர் காலியா இருக்கணும். நாலு மீட்டர் கீழேயே ஒரு இரும்புத் தளம் இருந்தா? ஹார்னஸ் தரமானது, கொக்கி சரியா மாட்டியிருக்கு, ஆள் விதிப்படிதான் நடந்துக்கிட்டார், ஆனாலும் தளத்துல மோதுவார். அந்த மாதிரி இடத்துல நீளம் குறைஞ்ச கயிறோ, விழ ஆரம்பிச்ச உடனே பூட்டிக்கிற சுருள் வகையோ வேணும். இதைக் காலையில கீழ நின்னு கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள்தான் சேஃப்டி சார்.

அடுத்தது, விழுந்தவர் தொங்கிட்டு இருக்கார்னு வெச்சுக்கோங்க. பிழைச்சாச்சுன்னு நினைக்கிறோம். கால் அசையாம ஹார்னஸ்ல தொங்கினா ரத்தம் கால்லயே தேங்கிடும், இதயத்துக்குத் திரும்பி வர்றது குறையும். மயக்கம் வரும், சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகும். அதனால ஹார்னஸ்ல ஒரு சின்னப் பை இருக்கும். அதைத் திறந்தா ஒரு பட்டை விழும், அதுல காலை ஊன்றி நிக்கலாம். ஆனா அதெல்லாம் நினைவோட இருக்கிறவருக்குத்தான் உதவும். நினைவு போயிட்டா?

108-க்குப் போன் பண்ணலாம். வண்டி மண்ரோட்டுல வந்து சேரும். ஆனா 108-ல வர்றவங்க 100 மீட்டர் ஏணியில ஏறிப் பழகினவங்க கிடையாது. சாதாரண தீயணைப்பு வண்டியோட ஏணி அந்த உயரத்துக்கு எட்டாது. அதனால மேல ஏறினவரைக் காப்பாத்த வேண்டியது கூட ஏறின இன்னொருத்தர்தான். இதனாலதான் தனியா ஏறக் கூடாதுங்கிறது இந்தத் தொழில்ல அடிப்படை விதி. மேலேயே மீட்புக் கருவி ஒண்ணு ரெடியா இருக்கணும். ஒரே சீரான வேகத்துல ஆளைக் கீழ இறக்குற கருவி அது. ரெண்டு பேருக்கும் அதை இயக்கத் தெரிஞ்சிருக்கணும்.

ஓல்ட்கென்ஸ்பிளாட், 2013

இந்தத் துறையில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஊர்ப் பேரு ஓல்ட்கென்ஸ்பிளாட். நெதர்லாந்துல இருக்கிற சின்ன ஊர். 2013 அக்டோபர் 29-ம் தேதி அங்க ஒரு காற்றாலையில வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துட்டு இருந்தது. நாசெல்ல தீப்பிடிச்சுது. மேல இருந்தவங்கள்ல ரெண்டு பேர் தப்பிச்சாங்க. மத்த ரெண்டு பேருக்கு இறங்குற வழியைத் தீ அடைச்சிடுச்சு. ஒருத்தருக்கு 19 வயசு, இன்னொருத்தருக்கு 21. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அவங்க உச்சியில நிக்கிற ஒரு போட்டோ இன்னைக்கும் இணையத்துல சுத்திட்டு இருக்கு. தயவுசெஞ்சு தேடிப் பார்க்காதீங்க. அவங்களுக்குக் குடும்பம் இருக்கு.

பராமரிப்பு வேலைக்குப் போறவங்களுக்குத் தீ, உயரம் ரெண்டையும் தனித்தனியா யோசிக்கிற பழக்கம் இருந்தது. தீ எங்க வேணும்னாலும் வரலாம். அது இறங்குற வழியிலேயே வந்தா ரெண்டாவது வழி எது? அந்த வழிக்கான கருவி இப்போ எங்க இருக்கு? தீக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இறக்குற கருவி பையில பத்திரமா இருந்தாலும் பை தீக்கு அந்தப் பக்கம் இருந்தா பிரயோஜனம் இல்ல. மேல போன உடனே மீட்புக் கருவியைக் கைக்கு எட்டுற இடத்துல வைக்கச் சொல்லி என் நண்பன் தினமும் கத்துறான். பசங்க சிரிப்பாங்களாம், "சார் ஆரம்பிச்சுட்டார்"னு. அப்போ இந்த ஊர்ப் பேரைச் சொல்வானாம். அதுக்கப்புறம் யாரும் சிரிக்க மாட்டாங்களாம்.

காற்றாலைத் தொழிலாளிகளுக்கு உலக அளவுல ஒரே மாதிரி அடிப்படைப் பயிற்சி ஒண்ணு இருக்கு. குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்னு, மெஷின் தயாரிக்கிற கம்பெனிகளும் மெஷின் வெச்சிருக்கிற கம்பெனிகளும் சேர்ந்து நடத்துற அமைப்பு வகுத்தது. அதுல அஞ்சு பாடம்: முதலுதவி, சுமை தூக்கும் முறை, தீ, உயரத்தில் வேலை, கடல்ல உயிர் பிழைத்தல். கடைசிப் பாடம் கடல் காற்றாலைக்குப் போறவங்களுக்கு. பெரும்பாலான பாடங்களை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் படிச்சே ஆகணும். ஏன்னா தினமும் பயன்படுத்தாத திறமையைக் கை மறந்துடும். ஆளை இறக்குற கருவியை ஒருத்தர் தன் வாழ்க்கையில நிஜமா ஒரே ஒரு தடவைதான் தொட வேண்டி வரலாம், அன்னைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ரெண்டு பேப்பர் ஒண்ணா இல்லாததால

நம்ம ஐடி ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி இன்னொரு கதை. இது காற்றாலை இல்ல, எண்ணெய்த் தளம். ஆனா இன்னைக்கு வட கடல்ல நிக்கிற காற்றாலைகள்ல இருக்கிற பாதுகாப்புப் பழக்கங்கள்ல பலதுக்கும் வேர் இங்கதான் இருக்கு.

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு ஒரு எண்ணெய்த் தளம். அதுல ரெண்டு பம்ப். ஒண்ணைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தாங்க. அதோட பாதுகாப்பு வால்வையும் தனியா ஒரு குழு கழட்டிட்டு, அந்த ஓட்டையை ஒரு தகடு வெச்சு மூடியிருந்தது. பம்ப் வேலைக்கு ஒரு பெர்மிட், வால்வ் வேலைக்கு வேற ஒரு பெர்மிட். ராத்திரி ஷிஃப்ட் வந்தது. ஓடிட்டு இருந்த இன்னொரு பம்ப் நின்னு போச்சு. நிறுத்தி வெச்ச பம்பை ஓட்டலாமான்னு பேப்பரைப் பார்த்தாங்க. பம்போட பெர்மிட் மட்டும் கண்ணுல பட்டது, அதுல வேலை இன்னும் ஆரம்பிக்கலன்னு இருந்தது. வால்வோட பெர்மிட் அவங்க கண்ணுலயே படல. ஓட்டினாங்க. தகடு வழியா வாயு கசிஞ்சு வெடிச்சுது. 167 பேர் இறந்தாங்க.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே சர்வர் மேல ரெண்டு டிக்கெட் ஓப்பனா இருந்தது, ரெண்டையும் யாரும் லிங்க் பண்ணல. விசாரணை நடத்தின லார்ட் கல்லன் 1990-ல 106 பரிந்துரைகள் கொடுத்தார். வேலை அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட் டு வொர்க், ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறுற முறை, இதெல்லாம் அதுக்கப்புறம் ரொம்பக் கண்டிப்பாச்சு.

ஒரு காத்தாடியில இது எப்படி இருக்கும்? ரெண்டு டெக்னீஷியன் ஹப்புக்குள்ள இருக்காங்க. நூறு கிலோமீட்டர் தள்ளி ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் ஸ்கிரீன்ல "மெஷின் ஸ்டாப்"னு பார்க்கிறார், ரிமோட்ல ஸ்டார்ட் அமுக்குறார். இது நடக்கக் கூடாதுன்னுதான் மெஷின்லயே லோக்கல் கண்ட்ரோலுக்கு மாத்திட்டு, சுவிட்சுக்குப் பூட்டு போட்டு, பூட்டுல பேர் எழுதின டேக் மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்ல வெச்சுட்டு ஏறுறாங்க. லாக் அவுட், டேக் அவுட். யார் பூட்டினாங்களோ அவங்கதான் திறக்கணும். ரெண்டு பேர் வேலை பார்த்தா ரெண்டு பூட்டு. "ஒரு பூட்டு பத்தாதா சார்"னு கேட்கிறவங்களுக்கு என் நண்பனோட பதில்: "உன் உயிரோட சாவி உன் பாக்கெட்ல இருக்கட்டும்டா, அவன் பாக்கெட்ல எதுக்கு?"

காத்து நல்லா அடிக்கிற அன்னைக்குத்தான்

இப்போ இந்த வேலையோட நிஜமான கஷ்டத்துக்கு வர்றேன்.

காத்துல இருந்து கிடைக்கிற ஆற்றல் வேகத்தோட மும்மடிக்குப் போகும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா ஆற்றல் எட்டு மடங்கு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு ஊர்ல சொல்வாங்க, காத்தாடிக்காரங்களுக்கு அந்த ஆடிக் காத்துதான் வருமானம். மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் கணவாய் வழியா வர்ற காத்துலதான் வருஷத்தோட பெரும்பகுதி கரண்ட் கிடைக்கும். 2 மெகாவாட் மெஷின் ஒண்ணு முழுத் திறன்ல ஓடினா ஒரு நாளைக்கு 48,000 யூனிட். அது பழுதாகி நின்னா? ஓனர் போன் பண்ணுவார், மேனேஜர் போன் பண்ணுவார். ஆனா எந்தக் காத்து மெஷினுக்குப் பணமோ, அதே காத்துதான் மேல ஏறுறவருக்கு ஆபத்து. ஒவ்வொரு மெஷினுக்கும் இத்தனை வேகத்துக்கு மேல நாசெல் கூரைக்குப் போகக் கூடாது, இத்தனைக்கு மேல ஹப்புக்குள்ள நுழையக் கூடாதுன்னு கையேட்டுல வரம்பு இருக்கு. பக்கத்துல இடி மின்னல் வந்தா இறங்கியே ஆகணும்.

ஒரு சீசன்ல நடந்ததை என் நண்பன் சொன்னான். ஒரு மெஷின் ரெண்டு நாளா நின்னு போயிருந்தது. மூணாவது நாள் காலையில காத்து வரம்புக்குள்ளதான் இருந்தது, ஆனா ஏறிட்டே இருந்தது. ஹப்புக்குள்ள நாலு மணி நேர வேலை. பத்து மணிக்குள்ள வரம்பைத் தாண்டிடும்னு முன்னறிவிப்பு. டீம் கீழ ஹார்னஸ் மாட்டி ரெடியா நின்னுச்சு. அதுல ஒருத்தர் கான்ட்ராக்ட் ஆள், வேலை நடந்தாதான் அன்னைக்குச் சம்பளம். இவன் "இன்னைக்கு ஏற வேண்டாம்"னு பெர்மிட்ல கையெழுத்துப் போடல.

மேனேஜர் போன்ல கேட்டது ஒரே கேள்வி: "இப்போ காத்து லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?" ஆமான்னு சொன்னான். "அப்புறம் என்ன?" பாதி வேலையில இறங்கச் சொன்னா அவசரத்துல இறங்குவாங்க, ரோட்டர் லாக்கை எடுக்கிற நேரத்துல காத்து அடிக்கும், அதான்னு சொன்னான். "நீங்க வந்ததுல இருந்து இப்படித்தான்"னு போன் கட் ஆச்சு.

பத்து மணிக்குக் காத்து ஏறல. மதியம் வரைக்கும் வரம்புக்குள்ளேயே இருந்தது. சாயங்காலம்தான் தாண்டுச்சு.

இந்த இடத்துல நான் அவன்கிட்ட, "அப்போ ஏறியிருக்கலாமேடா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான்: "ஏறியிருக்கலாம். வேலையும் முடிஞ்சிருக்கும். ஆனா அது எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். நான் கையெழுத்துப் போட வேண்டியது காலையில. அடுத்த தடவை அதே முன்னறிவிப்பு வந்தாலும் நான் போட மாட்டேன்."

இதைத்தான் ரெண்டு நாளா யோசிச்சுட்டு இருக்கேன். நம்ம வேலையில பக் வந்தா தெரியும், சரி பண்ணினா அதுவும் தெரியும். இவன் வேலையில சரியா செஞ்சதுக்கு அடையாளமே கிடைக்காது. தடுத்த விபத்து எந்த ரிப்போர்ட்லயும் வராது. நிறுத்தின மணி நேரம் மட்டும் கணக்குல வரும். வருஷக் கடைசியில அப்ரைசல்ல அந்தக் கணக்குதான் டேபிள் மேல இருக்கும்.

அந்தக் கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். அன்னைக்கு ஸ்டோர்ல ஹார்னஸ் செக் பண்ற வேலையைக் கொடுத்து, சம்பளம் வர்ற மாதிரி பண்ணியிருக்கான். "வயித்துல அடிச்சிட்டு பாதுகாப்பைப் பத்திப் பேசினா எவனும் கேட்க மாட்டான்டா"ன்னான். அதுக்கப்புறம்தான் அந்த அண்ணன், ஒரு மெஷின்ல ஏணிப் படி ஒண்ணு ஆடுதுன்னு தானாவே வந்து சொன்னாராம். ரெண்டு மாசமா ஆடிட்டு இருந்திருக்கு. சொன்னா அன்னைக்கு வேலை நின்னுடும்னு யாரும் வாயைத் திறக்கல.

சட்டம் எண்ணுற தலை

கொஞ்சம் சட்டம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல, பொதுவா 1,000 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற ஆலைக்குத்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமா இருந்தது. 2020-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல அதை 500 ஆக்கினாங்க, அபாயகரமான தொழில்னா 250.

ரெண்டுமே ஒரு இடத்துல இருக்கிற தலையை எண்ணுற முறை. காற்றாலைப் பண்ணையில மெஷின் கிலோமீட்டர் கணக்குல சிதறிக் கிடக்கும். ஒரு டவருக்கு ரெண்டு, மூணு பேர். அதுலயும் மெஷின் ஓனர் ஒருத்தர், பராமரிப்புக் கம்பெனி இன்னொண்ணு, அவங்க கீழ கான்ட்ராக்டர், அவர் கீழ சப் கான்ட்ராக்டர். தலையை எண்ணினா யாருக்கும் பெரிய எண்ணிக்கை வராது. ஆபத்து மட்டும் டவருக்கு டவர் அப்படியே இருக்கும். பெரிய கம்பெனிகள் சட்டம் கேட்கலன்னாலும் ஆள் வெச்சிருக்காங்க. கடைசி அடுக்குல இருக்கிற சின்ன கான்ட்ராக்டர்கிட்டதான் ஓட்டை.

பாதுகாப்பு அதிகாரிக்கான மாதிரி விதிகள்ல ஒரு தகுதி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அங்க வேலை செய்றவங்கள்ல பெரும்பாலானவங்க பேசுற மொழி அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்னைக்கு நம்ம சைட்கள்ல கிரேன் வேலைக்கும் அஸ்திவார வேலைக்கும் வட மாநிலத்துப் பசங்க நிறைய. என் நண்பன் ஹாஸ்டல்ல இந்தின்னாலே ஓடுவான். இப்போ காலைக் கூட்டத்தை ரெண்டு மொழியில நடத்துறான்.

ஹெல்மெட் கடைசி

இதுல நம்மளுக்கு என்ன இருக்குன்னு கேட்டா, இருக்கு. பாதுகாப்புத் துறையில ஒரு வரிசை சொல்லித் தருவாங்க. முதல்ல ஆபத்தையே இல்லாம பண்ணு. முடியலன்னா ஆபத்து கம்மியான வேற முறைக்கு மாறு. அதுவும் முடியலன்னா இயந்திர ஏற்பாடு பண்ணு. அப்புறம் விதி, பயிற்சி, பெர்மிட். எல்லாத்துக்கும் கடைசியிலதான் ஹெல்மெட், ஹார்னஸ். நம்ம ஊர்ல பாதுகாப்புன்னாலே முதல்ல ஹெல்மெட்தான் ஞாபகத்துக்கு வரும்.

காத்தாடியில ஆபத்தையே இல்லாம பண்றதுன்னா என்ன? ஏற வேண்டிய தேவையையே குறைக்கிறது. பிளேடைப் பார்க்க ஆள் கயிறுல தொங்குறதுக்குப் பதிலா டிரோன் போகுது. சின்னப் பிழையா இருந்தா கண்ட்ரோல் ரூம்ல இருந்தே ரீசெட் பண்றாங்க. ஒரு சென்சார் சும்மா சும்மா பொய் அலாரம் அடிச்சா, ஒவ்வொரு அலாரத்துக்கும் ரெண்டு பேர் நூறு மீட்டர் ஏறி இறங்கணும். அந்தப் பொய் அலாரத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்துற டேட்டா ஆள், ஹார்னஸே தொடாம ரெண்டு பேரைத் தரையில வெச்சுக் காப்பாத்துறார். எனர்ஜி கம்பெனிகளுக்கு டாஷ்போர்டு எழுதிட்டு இருக்கிற நண்பர்களே, உங்க அலாரம் லாஜிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு ஏணி இருக்கு.

இந்த வேலைக்கு வரலாமா?

"ஃபயர் அண்ட் சேஃப்டி கோர்ஸ் முடிச்சா வளைகுடாவுல வேலை"ங்கிற போர்டு நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு இருக்கும். கோர்ஸ் படிக்கிறது தப்பில்ல. ஆனா எது அங்கீகாரம் பெற்றதுன்னு பார்த்துச் சேருங்க. சென்னையில மத்திய அரசோட மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கு, அங்க தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ நடத்துறாங்க. சேர்றதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷ வேலை அனுபவம் கேட்பாங்க. அதுலயே அர்த்தம் இருக்கு. ஒரு தடவையாவது மேல ஏறி வேர்த்தவர் சொன்னாத்தான் கீழ நிக்கிறவங்க காதுல ஏறும். வெளிநாட்டு வேலைக்கு நெபோஷ்னு பிரிட்டிஷ் சான்றிதழைப் பல இடங்கள்ல கேட்கிறாங்க.

வேலை வருமான்னா, வரும்னுதான் தோணுது. தமிழ்நாடு அரசு 2024-ல பழைய காற்றாலைகளை மாத்தி அமைக்கிறதுக்குன்னு ஒரு கொள்கை வெளியிட்டுது. அப்படின்னா முப்பது வருஷப் பழைய டவர்களைக் கழட்டணும், துருப்பிடிச்ச போல்ட், பெரிய கிரேன். கட்டுறதை விடக் கழட்டுறது நுணுக்கமான வேலை. அதே வருஷம் மத்திய அரசு கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்ல 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடல்ல 500 மெகாவாட். கடல்ல படகுல இருந்து டவர் ஏணிக்குத் தாவுற அந்த ஒரு எட்டுக்கே தனிப் பயிற்சி வேணும். நம்ம கடலோரப் பசங்களுக்கு அலையைப் படிக்கத் தெரியும். அவங்களுக்குக் கொக்கி மாட்டச் சொல்லிக் கொடுக்கிற ஆளுங்க இன்னைக்கே தயாராகணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நீங்க எந்தத் துறையில இருந்தாலும் உங்க ஆபீஸ்ல, உங்க சைட்ல, "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்ற ஆள் ஒருத்தர் இருப்பார். எல்லாருக்கும் அவர் மேல கடுப்பு இருக்கும். அடுத்த தடவை அவர் அப்படிச் சொல்லும்போது "ஏன்?"னு ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுசாக் கேளுங்க. ஒத்துக்கணும்னு அவசியமில்ல.

காற்றாலை, கட்டடம், கெமிக்கல்னு எங்கயாவது சேஃப்டி வேலையில இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டோம். நல்லா வந்தா இன்னொரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.